பால்டிமோரா, கிளீவ்லாந்தா? நடக்கும் தூரத்தில் ஒரு வீடு

கேள்வி: நான் திருநெல்வேலிக்காரி. கணவர் யூதர். திருமணத்துக்கு முன்பே நானும் ஆர்த்தடாக்ஸ் (மத விதிகளைக் கண்டிப்பாகப் பின்பற்றும்) முறைப்படி யூத மதத்துக்கு மாறிவிட்டேன். புரூக்ளினில் மிட்வுட் பகுதியில் 3,300 டாலர் வாடகையில் இருக்கிறோம். மகனுக்கு 4 வயது, மகளுக்கு 8 மாதம். கணவர் மன்ஹாட்டன் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறார், சம்பளம் 1.3 லட்சம் டாலர். நான் இப்போது வேலைக்குப் போகவில்லை. சேமிப்பு 70,000. மகனை அடுத்த ஆண்டு யூதப் பள்ளியில் சேர்க்க வேண்டும். இங்கே ஆண்டுக்கு 18,000 கேட்கிறார்கள். விசாரித்ததில் பால்டிமோரில் 14,000, கிளீவ்லாந்தில் 13,000. எங்கே, எந்தப் பகுதியில் வீடு வாங்கினால் கட்டுப்படியாகும்?

பதில்: நீங்கள் வீட்டிலிருந்து கணக்கை ஆரம்பித்திருக்கிறீர்கள். நான் பள்ளியிலிருந்து ஆரம்பிக்கிறேன். 18,000 என்பது ஒரு டாலர்கூட ஏறாது என்றே வைத்துக்கொள்வோம். கிண்டர்கார்டன் முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 13 ஆண்டு, இரண்டு பிள்ளைகள்: 4.68 லட்சம் டாலர். ஒரு வீட்டின் விலை அது. ஆனால் வீட்டுக்கடன் வட்டிக்குப் போல வரிவிலக்கு கிடையாது, விற்கவும் முடியாது!

கிளீவ்லாந்து இருக்கும் ஒஹாயோ மாநிலத்தில் எட்சாய்ஸ் என்று ஓர் உதவித்தொகை இருக்கிறது. 2023-ல் அதை எல்லா மாணவருக்கும் விரித்தார்கள். மதப் பள்ளிகளுக்கும் செல்லும். எட்டாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 6,166 டாலர், மேல்வகுப்புக்கு அதைவிடக் கூடுதல். முழுத்தொகை கிடைக்க வருமான உச்சவரம்பு உண்டு. 2025 வறுமைக்கோட்டுக் கணக்கில் நான்கு பேர் குடும்பத்துக்கு அது சுமார் 1.44 லட்சம், நீங்கள் அதற்குள் வருகிறீர்கள். ஆக, இரண்டு பேரும் பள்ளிக்குப் போகும்போது கிளீவ்லாந்தில் கையிலிருந்து போவது 13,700 அளவில். பால்டிமோரில் 28,000, புரூக்ளினில் 36,000.

ஆனால் இந்தத் தொகையை நம்பியே வீட்டுக்கடன் வாங்காதீர்கள். இந்தத் திட்டம் அரசமைப்புக்கு விரோதமானது என்று 2025 ஜூனில் ஒஹாயோ நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. மேல்முறையீடு முடியும்வரை தொடரலாம் என்றும் சொன்னது. உதவித்தொகை நின்றுபோனாலும் தாங்கும் தவணையாக இருக்க வேண்டும். இன்னொன்று: யூதப் பள்ளிகள் வருமானத்தைப் பார்த்துக் கட்டணச் சலுகை தருவது வழக்கம். உதவித்தொகை வருகிறது என்றால் தங்கள் சலுகையைக் குறைத்துக்கொள்வார்களா என்று பள்ளியில் வாய்விட்டுக் கேளுங்கள். இதில் கூச்சம் வேண்டாம், அங்கே எல்லோரும் கேட்பதுதான்.

சரி, வீட்டுக்கு வருவோம். உங்களுக்குத் தெரிந்ததுதான், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். சபாத் அன்று, அதாவது வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை, ஆர்த்தடாக்ஸ் யூதர்கள் வண்டி ஓட்டுவதில்லை. ஆகவே வீடு சினகாக்கிலிருந்து (யூதர்களின் வழிபாட்டிடம்) நடக்கும் தூரத்தில் இருந்தாக வேண்டும். அன்றைக்கு வீட்டுக்கு வெளியே எதையும் தூக்கிச் செல்வதும், குழந்தை வண்டியைத் தள்ளுவதும்கூட ஆகாது. அதற்குத்தான் எருவ்: கம்பமும் கம்பியுமாக ஒரு பகுதியைச் சுற்றி எல்லை கட்டியிருப்பார்கள். அதற்குள் என்றால் தள்ளலாம். வாரா வாரம் சபாத்துக்கு முன் ஆள் போய்க் கம்பி அறுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

எருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு மலிவாக வரும். தரகர் ஆசை காட்டுவார். வேண்டவே வேண்டாம். 8 மாதக் குழந்தையோடு ஒவ்வொரு சனிக்கிழமையும் நீங்கள் வீட்டுக்குள் அடைந்து கிடக்க வேண்டியிருக்கும். நாளைக்கு விற்கும்போதும் உங்களைப் போன்ற குடும்பம் எதுவும் அதைத் திரும்பிப் பார்க்காது.

பால்டிமோரில் ஒரு வேடிக்கை உண்டு. பார்க் ஹைட்ஸ் அவென்யூவில் வடக்கே போய்க்கொண்டே இருந்தால் ஓரிடத்தில் நகரம் முடிந்து கவுன்ட்டி (நகர எல்லைக்கு வெளியே தனி நிர்வாகம்) ஆரம்பிக்கும். இருபுறமும் அதே சமூகம்தான், கோஷர் (யூத உணவு விதிப்படியான) கடைகளும் பொதுதான். சொத்துவரி மட்டும் நகரத்தில் 2.248 சதவீதம், கவுன்ட்டியில் 1.1. 4 லட்சம் டாலர் வீட்டுக்கு நகரத்தில் 8,992, கவுன்ட்டியில் 4,400. 6.5 சதவீத வட்டியில் கணக்குப் போட்டால், கவுன்ட்டி வீடு 50,000 டாலர் கூடுதல் விலையாக இருந்தாலும் மாதச் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். நகரப் பக்கம் விலை குறைவு என்று யாராவது சொன்னால், எவ்வளவு குறைவு என்று கேளுங்கள்.

கிளீவ்லாந்தின் புறநகர்களில் பார்க்க வேண்டியது யூனிவர்சிட்டி ஹைட்ஸும் அதை ஒட்டிய கிளீவ்லாந்து ஹைட்ஸும், குறிப்பாக டெய்லர் ரோட்டைச் சுற்றிய தெருக்கள். பீச்வுட் நல்ல இடம், ஆனால் இப்போது உங்கள் கைக்கு எட்டாது. யூனிவர்சிட்டி ஹைட்ஸிலும் கிளீவ்லாந்து ஹைட்ஸிலும் வீடுகள் பழையவை, நூறு வயதை ஒட்டியவை நிறைய. விற்கும்போது நகராட்சி ஆள் வந்து வீட்டைச் சோதிப்பார். கைப்பிடிச் சுவர், ஓட்டுக்கூரை, கராஜ் கதவு என்று ஒரு பட்டியல் வரும். அதைச் சரிசெய்யும் செலவை யார் ஏற்பது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். அதற்கென்று பணம் முடக்கி வைக்கவும் நேரலாம். சொத்துவரி 3 சதவீதத்தை ஒட்டி வருவது அங்கே சாதாரணம். விலை மலிவு என்று மயங்கியவர்கள் இதில்தான் விழித்துக்கொள்கிறார்கள். விற்கிறவரும் யூதக் குடும்பமாக இருந்தால் ஒரு சின்ன லாபம்: இறைச்சிக்கும் பாலுக்கும் தனித்தனி சிங்க் ஏற்கனவே இருக்கலாம். இருந்தால் சமையலறையை இடித்துக் கட்டும் செலவு மிச்சம்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் முக்கியம். ஊர் மாறினால் நியூயார்க் வரி போய்விடும் என்று உங்கள் கணவர் நினைத்துக்கொண்டிருக்கலாம். நியூயார்க் நகர வரி போகும். உங்கள் சம்பளத்துக்கு அது ஆண்டுக்கு 4,000 டாலர் அளவு. ஆனால் மாநில வரி போகாது. அலுவலகம் நியூயார்க்கில் இருக்க, தன் வசதிக்காக வெளிமாநிலத்தில் உட்கார்ந்து வேலை செய்பவரின் சம்பளத்துக்கும் நியூயார்க் மாநிலம் வரி போடும். ஒஹாயோ தன் மாநில வரியில் அதைக் கழித்துக்கொடுக்கும். அங்கே நகராட்சிக்கும் தனி வருமான வரி உண்டு, யூனிவர்சிட்டி ஹைட்ஸில் 2.5 சதவீதம்: 3,250 டாலர். ஒரு கையில் மிச்சம் பிடித்ததை மறுகையில் கொடுத்துவிட்டீர்கள்.

என் யோசனை கிளீவ்லாந்துதான், ஆனால் முதல் ஆண்டு வாடகைக்கு. கிளீவ்லாந்து ஹைட்ஸில் மேலும் கீழுமாக இரண்டு குடும்பம் இருக்கும் வீடுகள் நிறைய. ஒரு தளம் பிடியுங்கள். அந்த ஆண்டில் 70,000-ஐத் தொட வேண்டாம். ஊர் பிடித்துவிட்டால் அப்படிப்பட்ட வீட்டையே வாங்கி, ஒரு தளத்தில் குடியிருந்து மற்றதை வாடகைக்கு விடலாம். தானே குடியிருப்பவருக்கு 5 சதவீத முன்பணத்திலேயே கடன் கிடைக்கிறது. வீடு மாறும் செலவில் கொஞ்சம் இடித்தால் வட்டிக்கடைக்குப் போகாதீர்கள். யூதர் யூதரிடம் வட்டி வாங்கக் கூடாது என்ற தோரா (யூத வேதம்) விதியை ஒட்டி வட்டியில்லாக் கடன் தரும் யூத அமைப்புகள் பல நகரங்களில் இருக்கின்றன. எதற்கெல்லாம் தருகிறார்கள் என்று உங்கள் ரப்பியிடம் (மதகுரு) கேளுங்கள். தொட்டில், குழந்தை வண்டி போன்றவற்றுக்கு கெமாக் என்ற யூத உதவி மையங்கள் இருக்கின்றன, இரவல் வாங்கிக்கொள்ளலாம்.

கணவர் வேலை நியூயார்க் அலுவலகத்தோடு கட்டுப்பட்டதா, வெளிமாநிலத்துக்கு முறைப்படி மாற்றித் தருவார்களா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். பதில் வந்ததும் ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை அங்கே போய் யார் வீட்டிலாவது தங்குங்கள். மறுநாள் காலை, பனி கொட்டிக் கிடக்கும் நடைபாதையில் மகளை வண்டியில் வைத்துச் சினகாக் வரை நீங்களே தள்ளிப் பாருங்கள். அந்த நடை ஒத்துவந்த பிறகு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள்.