ஹாரிசன்ஸ் ராக்ஸ்: மழைக்கு மறுநாள் ஏறலாமா?

சனிக்கிழமை மழை, ஞாயிறு வெயில் அடிச்சா பிள்ளைகளோட ஹாரிசன்ஸ் ராக்ஸ் பாறையில, நண்பர் கொண்டுவர்ற கயிற்றைக் கட்டி ஏறலாமான்னு கேட்டிருக்கீங்க. தாராளமா போங்க, சுத்திப் பாருங்க. ஏறுறதை மட்டும் தள்ளிப் போடுங்க.

இங்கிலாந்தோட கிழக்கு சசெக்ஸ்ல, க்ரூம்பிரிட்ஜ் பக்கத்துல இருக்குற அந்த மணற்பாறைக்கு மேல்தோல் மட்டும்தான் கெட்டி. அது பேர்ந்துட்டா உள்ளே இருக்கிறது கையாலேயே உதிரும். நனைஞ்ச மணற்பாறை வலுவை வெகுவா இழந்திருக்கும். வெளியே காய்ஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் மர நிழல்ல உள்ஈரம் சீக்கிரம் போகாது. கை, கால் வைக்கிற பிடி உடைஞ்சா திரும்ப முளைக்காதுங்க! சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடம் வேற.

நல்லா காய்ஞ்ச இன்னொரு நாள் போறப்போ, நண்பர் கொண்டுவர்ற கயிறு விஷயத்துல கவனம். பாறை மேலே பதிச்சிருக்குற போல்ட்ல ஏறுற கயிற்றை நேரா மாட்டக் கூடாது. நீளாத தனிக் கயிற்றால நங்கூரத்தை, அதாவது கயிற்றைத் தாங்குற பிடிமானத்தை, விளிம்புக்கு வெளியே தொங்குற வரை நீட்டி, அதுல கேரபினரை (திறந்து மூடுற உலோக வளையம்) மாட்டி, ஏறுற கயிற்றை அதுல விடுங்க. விளிம்புல ஒரு உறையும் போடுங்க. ஓடுற கயிறு பாறையில உரசவே கூடாது. பல காலமா அப்படி உரசி விழுந்த பள்ளங்களை அங்கேயே பார்ப்பீங்க, அரம் போட்டு அறுத்த மாதிரி.

மேலே போனதும் கயிற்றுல தொங்கி இறங்காம, நடந்தே இறங்கி வாங்க. ஷூ அடி மணலைத் துடைச்சுக்குங்க. கை வழுக்காம இருக்கப் பூசுற சாக் பவுடர் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. பாறையைத் தேய்க்கக் கம்பி பிரஷ் கூடவே கூடாது.