கலர் ஃபீட் போட்டா கூமுட்டை குறையுமா?

கேள்வி: சார், வீட்ல கேனரியும் லவ் பேர்ட்ஸும் வளக்குறேன். கலர் ஃபீட் போட்டா ஆண் பறவைக்கு நல்லா கலர் ஏறும், கூமுட்டையும் குறையும்னு பெட் ஷாப்ல சொல்றாங்க. கலருக்கும் குஞ்சுக்கும் என்ன சம்பந்தம்? - வாசகர், திண்டுக்கல்

பதில்: சம்பந்தம் இருக்குங்க, ஆனா கடையில சொல்ற மாதிரி இல்ல. மொதல்ல லவ் பேர்ட்ஸுக்கு இந்தச் செலவே வேணாம், கிளி ஜாதி தன்னோட மஞ்சள், சிவப்பு நிறமியை உடம்புலயே தயாரிச்சுக்கும்.

கேனரி கதை வேற. அதோட மஞ்சள் கரோட்டினாய்டுங்கிற வேற வகை நிறமியில இருந்து வருது, இதை எந்தப் பறவையாலயும் தானா உண்டாக்க முடியாது, கீரை, விதை, பூச்சின்னு தின்னுதான் ஆகணும். மஞ்ச நிறமியை சிவப்பா மாத்துற திறமை சாதா கேனரிக்குக் கிடையாது, அதனாலதான் 1920கள்ல ஜெர்மனியில ஹான்ஸ் டுங்கர் தென் அமெரிக்காவோட ரெட் சிஸ்கின் குருவியை கேனரியோட சேத்து சிவப்பு கேனரிக்கு வழி பண்ணாரு.

இப்ப குஞ்சு விஷயம். விந்தணுவோட சவ்வுல சீக்கிரம் ஆக்சிஜன் பட்டுக் கெட்டுப்போற கொழுப்பு ஜாஸ்தி, உடம்பு ரொம்ப அலுத்துப்போனா அதுதான் மொதல்ல அடி வாங்கும். ஐரோப்பாவுல பட்டாணிக்குருவியை வச்சு (நம்மூர் பட்டாணிக்குருவிக்கு சொந்தக்கார இனம்தான், நம்மளுதுக்கு வயிறு வெளுப்பு, அதுக்கு நல்ல மஞ்சள்) ஒரு சோதனை பண்ணி 2010ல வெளியிட்டாங்க. ஆண்களுக்கு வேலைப்பளுவைக் கூட்டினதும் வெளிறின ஆண்களோட விந்தணு நீந்துற தெம்பு குறைஞ்சு கொழுப்பும் கெட்டுப்போச்சு, பளிச்னு இருந்த ஆண்களுக்கு அந்தளவு பாதிப்பில்ல, அப்புறம் கரோட்டினாய்டு குடுத்தப்ப வெளிறினதுங்க தேறிடுச்சு! காட்டு வாத்துலயும் அலகு நிறத்துக்கும் விந்தணு வேகத்துக்கும் தொடர்பு பாத்திருக்காங்க. ஆனா கரோட்டினாய்டே நேரா விந்தணுவைக் காப்பாத்துதா, இல்ல நல்லா இருக்கிற உடம்புலதான் அது மிச்சமாகி இறகுக்குப் போகுதாங்கிற சண்டை ஆராய்ச்சியாளர்களுக்குள்ள இன்னும் ஓடுது. எனக்கு ரெண்டாவதுதான் நியாயமா படுது.

கடையில விக்கிற சிவப்பு ஃபீட்ல பெரும்பாலும் கான்தாசாந்தின்னு ரெடிமேட் சிவப்பு நிறமி இருக்கும், அது ஏறினா தெரியிறது தீனியோட கலர், பறவையோட தெம்பு இல்ல, அதைப் பாத்து ஜோடி சேக்காதீங்க. நல்லா சாப்பிடுற கேனரிக்கு இதனால கூமுட்டை குறையும்னு நான் நம்பல.

கலர் மட்டும் போதும்னா இறகு உதிர்ந்து முளைக்கிற நேரத்துல குடுங்க, முளைச்சு முடிஞ்ச இறகு செத்த பொருள், அதுல ஏறாது. கீரை, துருவின கேரட் வருஷம் பூரா இருக்கட்டும். நல்ல தீனி தின்னும் ஆண் வெளிறியே முளைச்சா ஃபீடை மாத்துறதுக்கு முன்னாடி எச்சத்தை டாக்டர்ட்ட காட்டுங்க, குடல்ல காக்சிடியா கிருமி இருந்தா தின்ன நிறமி உடம்புல சரியா ஒட்டாது.