தந்தையின் ஸ்பூல்களுக்கு எந்த டேப் டெக்?

கேள்வி: என் தந்தையார் 1970-களில் பதிவு செய்த 18 செ.மீ. ஸ்பூல்கள் இருபதுக்கும் மேல் என்னிடம் உள்ளன. பெட்டிகளின் மேல் ‘9.5 வேகம், 4 டிராக், ஸ்டீரியோ’ என்று எழுதியிருக்கிறார். அவற்றைக் கேட்டுக் கணினியில் சேமிக்க, பழைய ரீல் டேப் டெக் ஒன்று வேண்டும். அகாய் ஜிஎக்ஸ்-4000டி ஒன்றும், அரை டிராக் வகை ரெவாக்ஸ் ஏ77 ஒன்றும் விலைக்கு வந்துள்ளன. ரெவாக்ஸ்தான் மேல் என்கிறார்கள் நண்பர்கள். எதை வாங்கலாம்?

பதில்: உங்கள் தந்தையார் பெட்டியின் மேல் எழுதி வைத்த அந்த ஒரு வரியே விடையைச் சொல்லிவிடுகிறது. அகாயை வாங்குங்கள்.

1967-இல் வெளிவந்த ரெவாக்ஸ் ஏ77 உயர்ந்த இயந்திரம் என்பதில் ஐயமில்லை. மூன்று மோட்டார்களும், வேகத்தை மின்னணு முறையில் கட்டுப்படுத்தும் அமைப்பும் கொண்ட அது, 26.5 செ.மீ. ஸ்பூலையும் ஏற்கும், நொடிக்கு 19 செ.மீ. வேகத்தில் அதன் வேகத் தள்ளாட்டம் 0.08 சதவீதத்துக்குள் அடங்கும் என்று தயாரிப்பாளர் குறித்திருக்கிறார். ஆனால் 4 டிராக் நாடாவில் முதல் பக்கத்தின் இரு தடங்களும், ஸ்பூலைத் திருப்பிப் போட்டுப் பதிந்த மறுபக்கத்தின் இரு தடங்களும் ஒன்றுவிட்டு ஒன்றாக அமைந்திருக்கும். அரை டிராக் டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட் அகலமானதாகையால் இரு பக்கங்களையும் சேர்த்தே படித்துவிடும். ஒரு பக்கத்துப் பாட்டோடு மறுபக்கத்துப் பாட்டு பின்னோக்கி ஒலிக்கும். ஏ77 மாடலிலேயே 4 டிராக் வகையும் உண்டு. அது கிடைத்தால் நண்பர்கள் சொல்வதை நானும் சொல்வேன்.

ஜிஎக்ஸ்-4000டி ஒரே மோட்டாரில் இயங்குவது, 18 செ.மீ. ஸ்பூல் வரைதான் ஏற்கும், 9.5, 19 என இரு வேகங்கள். உங்கள் தேவைக்கு இவ்வளவு போதும். அதன் பெரிய பலம் கண்ணாடியும் படிக ஃபெரைட்டும் சேர்ந்த ஹெட். சாதாரண உலோக ஹெட் நாடா உரசி உரசித் தேயும். இது மிக மெதுவாகவே தேய்வதால், பல கை மாறிய டெக்கிலும் நல்ல நிலையில் இருக்க வாய்ப்பு அதிகம். எனினும் விளிம்பு உடைந்திருக்கிறதா என்று விளக்கொளியில் பார்த்துவிடுங்கள்.

வாங்குமுன் உங்களுடைய வேறொரு ஸ்பூலைக் கொண்டு சோதியுங்கள். தந்தையின் ஸ்பூல் வேண்டவே வேண்டாம். கேசட்டில் உள்ளது போல அழிவைத் தடுக்கும் பிளாஸ்டிக் நாக்கு ஸ்பூலில் கிடையாது. பதிவுப் பொத்தான் தவறி அழுந்தினால் அந்தப் பகுதி போனது போனதுதான். நீண்டு ஒலிக்கும் பியானோ அல்லது வீணை இசையைப் போட்டுக் கேளுங்கள். சுருதி அலைந்தால் நாடாவை அழுத்தி நகர்த்தும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலர் கெட்டிப்பட்டிருக்கலாம், அல்லது ரப்பர் பாகங்கள் தளர்ந்திருக்கலாம். வேகமாகச் சுற்றவிட்டு நிறுத்துங்கள். நாடா தொங்கினாலோ வெடுக்கென்று இழுபட்டாலோ பிரேக்கைச் சரிசெய்யாமல் பழைய நாடாவை ஏற்றக் கூடாது. 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கென அமைத்த டெக் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும் என்பதால், பின்புறத் தகட்டில் உள்ள குறிப்பையும் படியுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நாடா தொடும் இடங்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஹெட்டின் காந்தத் தன்மையை நீக்குங்கள். ஏதேனும் ஒரு ஸ்பூல் கீச்சிட்டு ஒட்டிக்கொண்டால் உடனே நிறுத்திவிடுங்கள். அக்கால நாடாக்கள் சிலவற்றில் காந்தத் தூளைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிச் சிதைவதுண்டு. அவற்றை ஏறத்தாழ 54 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் சூடாக்கித் தற்காலிகமாக மீட்கிறார்கள். அது அனுபவசாலிகள் செய்ய வேண்டிய வேலை. அசிடேட் என்னும் பழைய வகை பிளாஸ்டிக்கால் ஆன நாடாவுக்கு இந்தச் சூடு அறவே ஆகாது.

கேள்வி: 38 செ.மீ. வேகமும் உள்ள டெக்காகப் பார்த்து வாங்கினால் ஒலி மேம்படாதா?

பதில்: புதிதாகப் பதிவு செய்வோருக்கு மேம்படும். 9.5-இல் பதிந்ததை 9.5-இல்தான் கேட்க முடியும். நாடாவில் இல்லாத நுட்பத்தை எந்த டெக்கும் தராது. மேலும், 38 தரும் டெக்குகள் பலவற்றில் 19-தான் குறைந்த வேகம். அவற்றில் உங்கள் ஸ்பூல்கள் இருமடங்கு வேகத்தில் ஓடும்.