டிரெய்லர் இழுக்கும் பிக்கப்புக்கு ஆல் டெரெய்ன் டயர் எடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

தார் ரோடு, மண்தடம் இரண்டிலும் ஓடுவதற்கு ஏற்றபடி பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் கட்டைகள்) வெட்டிய டயர்தான் ஆல் டெரெய்ன். பொள்ளாச்சிப் பக்கம் இட்டேரியில் நுழைந்து தோப்பில் தேங்காய் ஏற்றி, அப்புறம் கோவை ரோட்டில் வேகம் பிடிக்கிறவர்களுக்கு நல்ல தேர்வு. ஆனால் டிரெய்லர் மாட்டினால் பட்டனைவிட டயரின் பக்கச்சுவர்தான் முக்கியம். சரியாக ஏற்றிய டிரெய்லரின் எடையில் சுமார் 10 முதல் 15 சதவீதம் கொக்கி வழியாக வண்டியின் பின்பக்கம் இறங்கும். 1500 கிலோ என்றால் 150 கிலோவாவது வரும். பாரம் கூடி, காற்றும் குறைவாக இருந்தால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிரும். கட்டுக்கம்பியை நாலைந்து தரம் வேகமாக மடக்கி நிமிர்த்தி, மடங்கிய இடத்தைத் தொட்டுப் பாருங்கள், சுடும். டயரும் அப்படித்தான் உள்ளுக்குள் சூடேறி, சித்திரை வெயிலில் நடுரோட்டில் வெடிக்கிறது.

அதனால் கடையில் டயர் அளவுக்கு அடுத்து அச்சிட்டிருக்கும் லோடு எண்ணைப் படியுங்கள். 112 என்றால் ஒரு டயர் 1120 கிலோ, 121 என்றால் 1450 கிலோ தாங்கும், அதுவும் அதற்குரிய காற்று இருந்தால்தான். வண்டிக்குக் கம்பெனி சொன்ன எண்ணுக்குக் கீழே இறங்கவே இறங்காதீர்கள்.

பட்டன் பெரிதாக இருந்தால் பாரம் அதிகம் தாங்கும் என்று பலர் நம்புகிறார்கள். பட்டன் மண்ணைப் பிடிக்கத்தான், பாரத்தைத் தாங்குவது உள்ளே இருக்கும் காற்றும் அதை அடக்கி வைத்திருக்கும் நூல் அடுக்குகளும்.