கணிப்பான் சொன்ன நேரமும் கால்கள் தந்த நேரமும்

கேள்வி: அரை மாரத்தானை 1 மணி 45 நிமிடத்தில் முடிக்கிறேன். இணையத்தில் உள்ள கணிப்பான் ஒன்று முழு மாரத்தானுக்கு 3 மணி 39 நிமிடம் என்று காட்டியது. அதை நம்பி டத்தாரான் மெர்டேகாவிலிருந்து அதே வேகத்தில் புறப்பட்டேன். 30 கிலோமீட்டருக்குப் பிறகு கால்கள் ஒத்துழைக்கவில்லை; ஓடி முடிக்க நாலேகால் மணி நேரம் பிடித்தது. தவறு கணக்கிலா, என்னிடமா?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: இத்தகைய கணிப்பான்கள் பலவற்றுக்கு அடிப்படை, அமெரிக்கப் பொறியாளர் பீட்டர் ரீகல் 1977இல் வெளியிட்ட சூத்திரம். தூரம் இரு மடங்கானால் நேரம் ஏறக்குறைய 2.085 மடங்காகும் என்பது அதன் சாரம். பலருடைய ஓட்டங்களுக்குப் பொதுவாகப் பொருந்தும் இந்தக் கணக்கு, தனி ஒருவரிடம் எவ்வளவு தூரம் விலகக்கூடும் என்பதற்கு உலகத் தர ஓட்டக்காரர்களே சாட்சி.

எரித்திரியாவின் செர்செனாய் ததேசே 2010இல் லிஸ்பன் நகரில் அரை மாரத்தானை 58:23இல் ஓடி உலக சாதனை படைத்தார். சூத்திரப்படி முழு மாரத்தானில் அவருக்கு 2:01:43 கிடைத்திருக்க வேண்டும்; அவருடைய அதிகாரபூர்வமான சிறந்த நேரமோ 2:08:46. கென்யாவின் எலியுட் கிப்சோகேயின் சிறந்த அரை மாரத்தான் நேரம் 59:25. சூத்திரம் அவருக்குத் தருவது 2:03:53. அவர் 2022இல் பெர்லினில் ஓடியது 2:01:09. அரைத் தூரத்தில் ஒரு நிமிடம் பின்தங்கியவர், முழுத் தூரத்தில் ஏழரை நிமிடத்துக்கு மேல் முந்திவிடுகிறார்.

உடல் உட்கொள்ளக்கூடிய உச்ச ஆக்சிஜன் அளவு, அதில் எத்தனை பங்கை நெடுநேரம் பயன்படுத்த முடியும் என்பது, ஒரு வேகத்தில் ஓட எவ்வளவு சக்தி செலவாகிறது என்பது ஆகிய, நெடுந்தூர ஓட்டத்தைத் தீர்மானிக்கும் மூன்றையும் ஆய்வுக்கூடத்தில் அளந்துவிடலாம். ஆனால் களைப்பில்லாத உடலில் அளந்த அந்த எண்கள் இரண்டு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு சரியத் தொடங்குகின்றன. அந்தச் சரிவு சிலரிடம் சிறிதாகவும் சிலரிடம் பெரிதாகவும் இருக்கிறது. மாரத்தான் கணிப்புகளைப் பொய்யாக்குவதில் இந்தத் தாங்குதிறனுக்குத்தான் பெரும் பங்கு என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் விஷயத்தில் நம் ஊர்க் காற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சூத்திரத்தில் தூரமும் நேரமும் உண்டு, ஈரப்பதம் கிடையாது. கோலாலம்பூரில் விடியலுக்கு முன்பே வெப்பம் 24, 25 பாகையில் நிற்கிறது. மாரத்தானுக்கு உகந்ததோ 10 பாகையை ஒட்டிய குளிர். ஈரக் காற்றில் வியர்வை ஆவியாகாமல் சட்டையிலேயே தங்கிவிடுவதால் உடல் குளிர்வதில்லை. தசைக்குப் போக வேண்டிய இரத்தத்தில் ஒரு பகுதி தோலுக்குத் திருப்பப்படுகிறது. வேகம் மாறாமலேயே இதயத் துடிப்பு ஏறுகிறது. தசையில் சேமித்த சர்க்கரையும் விரைவாகத் தீர்கிறது. 30ஆவது கிலோமீட்டரில் நீங்கள் சந்தித்தது இதைத்தான்.

அடுத்த போட்டிக்கு முன், தித்திவங்சா ஏரியைச் சுற்றி ஒரே சீரான வேகத்தில் 28 கிலோமீட்டர் ஓடி, 8ஆவது கிலோமீட்டரிலும் 25ஆவது கிலோமீட்டரிலும் இதயத் துடிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் அந்த வேகம் உங்களுக்கு இன்னும் உரியதல்ல. கணிப்பான் கேட்டது கிலோமீட்டருக்கு 5:11. நீங்கள் 5:40இல் தொடங்கி, 30 கிலோமீட்டர் வரை அதிலேயே இருந்து, மிச்சமிருக்கும் வலுவை அதன்பின் செலவிடுங்கள். மறைந்த கென்ய ஓட்டக்காரர் கெல்வின் கிப்தும் 2023இல் சிக்காகோவில் 2:00:35 என்ற உலக சாதனையை நிகழ்த்தியபோது முதல் பாதிக்கு 60:48 எடுத்துக்கொண்டு, இரண்டாம் பாதியை 59:47இல் முடித்தார்.

கேள்வி: பினாங்குப் பாலத்து மாரத்தானில், பலூன் கட்டிக்கொண்டு, குறித்த நேரத்தில் முடிக்க வழிகாட்டியாக ஓடும் பேசர்களைப் பின்தொடர்வது உதவுமா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: உதவும், ஆனால் வேகமானவர்களுக்கு உதவும் விதத்தில் அல்ல. 2019இல் வியன்னாவில் கிப்சோகே மாரத்தான் தூரத்தை 1:59:40இல் ஓடியபோது 41 பேசர்கள் முறைவைத்து மாறி மாறி அவருக்குக் காற்றை மறைத்தார்கள். அப்படி ஆள் மாற்றியது விதிக்குப் புறம்பானது என்பதும் அந்த நேரம் சாதனையாக ஏற்கப்படாததற்கு ஒரு காரணம். மணிக்கு 21 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் தடை பெரிது. நம் வேகத்தில், கடற்காற்று எதிரே வீசினாலொழிய, அந்த லாபம் சொற்பம். தொடக்கத்தில் கால் துடிக்கும்போது உங்களை அடக்கி வைப்பதுதான் பேசரால் கிடைக்கும் நன்மை. பாலத்தின் நடுப்பகுதி மேடாக இருப்பதால், அங்கே அவரை ஒட்டியே ஓட வேண்டுமென்று மூச்சு வாங்காதீர்கள். ஏற்றத்தில் சற்றுப் பின்தங்கி, இறக்கத்தில் சேர்ந்துகொள்ளலாம்.