கொரோனா வந்து போன பிறகு ரத்தத்தில் என்ன நடக்கிறது? கேட்டவர்களுக்குப் பதில்

என் பெரியம்மா போன வாரம் ஒரு லேப் ரிப்போர்ட்டோடு வந்து, "ஆன்டிபாடி பாதியாகக் குறைஞ்சிருச்சாம்மா, இனிமே என்னை யார் காப்பாத்துவா" என்று கலங்கிப்போய்க் கேட்டார். ஆன்டிபாடி என்பது வைரஸைப் பிடிக்க உடம்பு செய்யும் புரதம். ரத்தத்தில் இருக்கும் அதன் அளவு வேறு, உடம்பின் நினைவு வேறு என்று அவரிடம் சொன்னதை எழுதினேன். அதற்குக் கேள்விகள் நிறைய வந்துவிட்டன. நோயெதிர்ப்பு ஆய்வகத்தில் வேலை பார்த்தவள் என்ற முறையில், தெரிந்தவரை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மேடம், 2021-ல் காய்ச்சல் வந்த நாலாம் நாளே ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்தேன், நெகட்டிவ். அதே நாளில் எடுத்த ஆர்டிபிசிஆர் பாசிட்டிவ். எந்த லேப் தப்பு செய்தது?

இரண்டு லேபுமே சரிதான். ஆர்டிபிசிஆர் தேடுவது வைரஸை. ஆன்டிபாடி டெஸ்ட் தேடுவது அந்த வைரஸுக்கு உங்கள் உடம்பு கொடுக்கும் பதிலை, அந்தப் பதில் தயாராக நாள் பிடிக்கும். முதல் வாரத்தில் பலருக்கு ஒன்றும் தெரியாது, இரண்டாவது வாரத்தில் ஏறத் தொடங்கும், மூன்றாவது வாரத்தில் அநேகமாக எல்லோருக்கும் வந்துவிடும். 2020-ல் சீனாவில் ஆஸ்பத்திரியில் இருந்த 285 பேரை வைத்துப் பார்த்த ஆய்வில், அறிகுறி தொடங்கி 19 நாளுக்குள் எல்லோருக்கும் ஐஜிஜி, அதாவது ரத்தத்தில் அதிகமாக இருக்கும் ஆன்டிபாடி வகை, வந்திருந்தது. நாலாம் நாளில் அந்த டெஸ்டுக்குக் கொடுத்த பணம் வீண்தான்.

முதலில் ஐஜிஎம், அப்புறம்தான் ஐஜிஜி என்று காலேஜில் படித்தோமே அக்கா?

ஐஜிஎம் என்பது வழக்கமாக முதலில் வரும் ஆன்டிபாடி வகை. பாடம் தப்பில்லை தம்பி, ஆனால் கொரோனாவில் இரண்டும் பெரும்பாலும் ஒட்டி ஒட்டியே வருகின்றன. மேலே சொன்ன ஆய்விலேயே சிலருக்கு ஐஜிஜி முந்திக்கொண்டது. அதனால் ஐஜிஎம் இல்லை என்பதை மட்டும் வைத்து "இது பழைய தொற்று" என்று முடிவு கட்டாதீர்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து கேட்கிறேன். நாங்கள் பள்ளியில் பிறபொருளெதிரி என்று படித்தது இதைத்தானா? உடல் அதை எப்படி உருவாக்குகிறது?

அதேதான், அழகான சொல். எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நம் உடம்பில் பி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன, ஒவ்வொன்றின் மேலும் வேறு வேறு வடிவத்தில் ஒரு பிடிப்பான். கொரோனா வைரஸின் முள் புரதம், அதாவது ஸ்பைக், வந்ததும் அது தற்செயலாகப் பொருந்துகிற சில செல்கள் மட்டும் விழித்துக்கொண்டு பெருகும். அதில் ஒரு கூட்டம் உடனே ஆன்டிபாடியைச் சுரக்க ஆரம்பித்துவிடும். இது அவசர உற்பத்தி, அளவு அதிகம், பிடிப்பு சுமார்தான்.

இன்னொரு கூட்டம் நிணநீர் முடிச்சுக்குள் போகும். கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டியிருக்கிறது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அந்த இடம்தான். அங்கே டி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்களின் உதவியோடு இந்தச் செல்கள் தம் பிடிப்பானின் மரபணுவைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றிப் பார்க்கும், நன்றாகப் பிடிப்பது பிழைக்கும், மற்றது சாகும். இந்தத் தேர்வு மாதக் கணக்கில் நடக்கிறது. நீங்கள் குணமாகி வேலைக்குப் போய், வந்ததையே மறந்த பிறகும் உள்ளே அந்தப் பட்டறை ஓடிக்கொண்டிருக்கும். அதனால் ஆறாம் மாதம் ரத்தத்தில் ஆன்டிபாடி குறைந்திருந்தாலும், நினைவு பி செல்கள், அதாவது இந்த வைரஸை மறக்காத செல்கள், முதல் மாதத்தைவிட அதிகமாக இருந்ததைப் பார்த்திருக்கிறார்கள். இதை முதன்முதலில் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

அப்படியானால் என் அளவு மூணு மாதத்தில் இறங்கியது பயப்பட வேண்டிய விஷயம் இல்லையா?

இல்லை. ஐஜிஜி மூலக்கூறுகள் ரத்தத்தில் நிலையாக இருப்பதில்லை, ஏறத்தாழ மூன்று வாரத்தில் பாதி போய்விடும். அவசர உற்பத்தி செய்த செல்களும் வேலை முடிந்ததும் இறந்துவிடும். அதனால் முதலில் சரசரவென்று இறங்கி, அப்புறம் மெதுவாகும். அந்த மெதுவான கட்டத்தைத் தாங்குவது எலும்பு மஜ்ஜையில் போய்க் குடியேறி ஆன்டிபாடியைச் சுரக்கும் நீண்ட ஆயுள் பிளாஸ்மா செல்கள். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகர விஞ்ஞானிகள் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலும் லேசாக வந்து குணமானவர்களின் மஜ்ஜையில் 7 மாதம் கழித்து இந்தச் செல்கள் இருந்தன, சிலரிடம் 11 மாதத்திலும் பார்த்தார்கள்.

இன்னொன்று, ஒரு லேபின் எண்ணை இன்னொரு லேபின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். கிட் மாறினால் அளவுகோலே மாறும்.

இவ்வளவு நினைவு இருந்தும் எனக்கு ஏன் ரெண்டாவது தடவை வந்தது?

வைரஸ் நுழைவது மூக்கு வழியாக. அங்கே காவல் ஐஜிஏ என்ற ஆன்டிபாடி வகை, அது சளிச்சவ்வில் சீக்கிரம் குறைந்துவிடுகிறது. அதோடு 2021 நவம்பரில் தெரியவந்த ஒமைக்ரான் தன் ஸ்பைக்கில் 30-க்கும் மேற்பட்ட மாற்றங்களோடு வந்தது, பழைய ஆன்டிபாடி பலவற்றுக்கு அது பிடிபடவில்லை. ஆனால் நினைவு செல்கள் சில நாளில் கிளம்பிவிடும், டி செல்கள் ஸ்பைக்கின் வேறு பகுதிகளையும் அடையாளம் காணும். தொற்று வரலாம், நுரையீரல்வரை போய் ஆளைச் சாய்ப்பது குறையும்.

நோய் கடுமையாக வந்தவர்களுக்கு ஆன்டிபாடி அதிகமாமே? அப்புறம் ஏன் பிளாஸ்மா சிகிச்சையை நிறுத்தினார்கள்?

அதிகம் என்பது பொதுவாக உண்மை. வைரஸ் நிறைய, நீண்ட நாள் இருந்தால் தூண்டுதலும் அதிகம். ஆனால் குணமானவரின் ரத்தத் திரவத்தை, அதாவது பிளாஸ்மாவை, நோயாளிக்கு ஏற்றியது பலன் தரவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் இந்தியாவில் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் சோதித்தது, நோய் முற்றுவதும் இறப்பும் குறையவில்லை. நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரும் நேரத்தில் பெரும்பாலும் அவர் உடம்பே ஆன்டிபாடி செய்ய ஆரம்பித்திருக்கும். 2021 மே மாதம் சிகிச்சை நெறிமுறையிலிருந்து அதை எடுத்தார்கள். பிளாஸ்மாவுக்காக ராத்திரி முழுக்க போன் செய்து அலைந்த குடும்பங்களை நினைத்தால் இன்னும் மனசு கனக்கிறது.

கபசுரக் குடிநீர் குடித்தால் ஆன்டிபாடி வருமா?

வராது. வைரஸையோ அதன் பாகத்தையோ தடுப்பூசியையோ உடம்பு பார்த்தால்தான் அதற்கான ஆன்டிபாடி வரும்.

கோவிஷீல்டு போட்டேன். என் ஆன்டிபாடி ஊசியால் வந்ததா, தொற்றால் வந்ததா?

கோவிஷீல்டு ஸ்பைக்கை மட்டும்தான் காட்டுகிறது. வைரஸின் உள்ளே இருக்கும் நியூக்ளியோகாப்சிட் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தால் தொற்றும் வந்திருக்கிறது. கோவாக்சின் போட்டவர்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது, அதில் செயலிழந்த முழு வைரஸ் இருக்கிறது. தொற்று வந்தவர்களிலும் இந்த ஆன்டிபாடி நாளாக ஆக மறைந்துபோகலாம்.

அப்பாவுக்குக் கிட்னி மாற்றியிருக்கிறது அக்கா. நீங்கள் சொன்ன நினைவெல்லாம் அவருக்கும் இருக்குமா?

தங்கச்சி, இங்கே மட்டும் என் பதில் வேறு. உறுப்பை உடம்பு ஒதுக்காமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரைகள் மேலே சொன்ன பட்டறையையே அடக்கிவைக்கின்றன. ஒருமுறை தொற்று வந்தாலும் ஆன்டிபாடி குறைவாகவோ வராமலோ போகலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. தடுப்பூசி எப்போது, எத்தனை தடவை என்று அவருடைய டாக்டரிடமே கேளுங்கள். வீட்டில் யாருக்குச் சளி பிடித்தாலும் அப்பா பக்கத்தில் போகும்போது மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். அவருக்குக் காய்ச்சல் வந்தால் முதல் நாளே டாக்டருக்குப் போன் செய்துவிடுங்கள், நாலாம் நாள்வரை பார்க்க வேண்டாம்.