பதில்: விபத்துக்குப் பிறகு வண்டியில் ஏற மறுக்கும் மகன்

சகோதரி, வேளச்சேரியில் ஸ்கூட்டர் சறுக்கிக் கை உடைந்த உங்கள் 9 வயது மகன், மாவுக்கட்டு பிரித்த பிறகும் வண்டிப் பக்கமே வரமாட்டேன் என்கிறான், ராத்திரி அலறி எழுகிறான் என்று எழுதியிருந்தீர்கள். என் மகளும் அப்படித்தான். ஹார்ன் சத்தம் கேட்டாலே என் துப்பட்டாவை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்வாள்.

முதல் சில வாரம் இந்தப் பயம் இருப்பது சகஜம், பல பிள்ளைகளுக்குத் தானாகவே அடங்கிவிடும். ஒரு மாதம் தாண்டியும் விடவில்லை என்றால் மனநல டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள். கை கூடியதைப் பார்க்கும் எலும்பு டாக்டர் இதைக் கேட்கமாட்டார், நாமாகத்தான் சொல்ல வேண்டும்.

இந்த மாதிரி அதிர்ச்சி மனதை எவ்வளவு பாதித்திருக்கிறது என்று பார்க்க ‘க்ரைஸ்-8’ என்று 8 கேள்விகள் உண்டு. பிள்ளையிடமே கேட்பார்கள். மதிப்பெண் 17 அல்லது அதற்கு மேல் வந்தால் முழுப் பரிசோதனை தேவை. சிகிச்சையில் முதலிடம் மாத்திரைக்கு இல்லை, விபத்து நினைவை மையமாக வைத்த பேச்சு சிகிச்சைக்குத்தான். அந்தச் சிகிச்சையில் என் மகளை முதலில், நிறுத்தி வைத்திருந்த வண்டியில் சும்மா உட்காரவைத்தார்கள். அடுத்த வாரம் தெருமுனை வரை. அவசரப்படுத்தவே இல்லை.

எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையில் விசாரியுங்கள். இன்றே பேச வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசலாம். அதுவரை அடம் என்று மட்டும் அவனைத் திட்டாதீர்கள்.